தேசிய விளையாட்டுச் சம்மேளனங்கள்: வீரர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளை மாவட்ட அணிக்கு ஆடத் தொடங்கியதும் வீட்டில் புதுப் பெயர்கள் அடிபட ஆரம்பிக்கும். மாவட்ட சங்கம், மாநில சங்கம், சம்மேளனம், ஆணையம், ஒலிம்பிக் சங்கம். இவற்றில் எது அரசு, எது தனியார், எது யாருக்குக் கட்டுப்பட்டது என்று பல பேருக்குத் தெரிவதில்லை. பிரச்சினை வந்த பிறகுதான் தேடுகிறார்கள். அப்படித் தேடி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

சம்மேளனம் என்பது அரசாங்க அமைப்பா?

இல்லை. பெரும்பாலும் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான தனியார் சங்கம்தான். உங்கள் தெரு மனமகிழ் மன்றம் எந்தச் சட்டத்தில் பதிவாகிறதோ, பிசிசிஐயும் அதே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில்தான் இருக்கிறது. அலுவலகம் மும்பை வான்கடேவில் இருந்தாலும் பதிவு நம்ம ஊர்ச் சட்டத்தில். தலைவரோ செயலாளரோ அந்தப் பதவியால் அரசு ஊழியர் ஆகிவிடுவதில்லை. பல சம்மேளனங்களில் செயலாளருக்குச் சம்பளம்கூடக் கிடையாது.

ஆனாலும் இந்தத் தனியார் சங்கம் தேர்ந்தெடுக்கும் அணிதான் 'இந்தியா' என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு போகிறது. அது கொடுக்கும் சர்ட்டிபிகேட்டை வைத்துத்தான் அரசு வேலை கிடைக்கிறது. குழப்பத்தின் வேர் இதுதான்.

அப்படியானால் இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

இரண்டு பக்கமிருந்து. முதலில் உலக அமைப்பு. கால்பந்துக்கு ஃபிபா, சதுரங்கத்துக்கு ஃபிடே, மல்யுத்தத்துக்கு உலக மல்யுத்தக் கூட்டமைப்பு. இவை ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு அமைப்பைத்தான் அங்கீகரிக்கும். உலகப் போட்டிக்கு என்ட்ரி அனுப்ப அந்த ஒரு அமைப்பால் மட்டுமே முடியும். நீங்கள் 100 மீட்டரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, உலக சாம்பியன்ஷிப்புக்கு உங்கள் பெயரை நீங்களே அனுப்ப வழியில்லை.

இரண்டாவது, மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம். அரசியல் சாசனப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33-வது இனத்தில், நாடகம் சினிமாவோடு சேர்ந்து இருக்கிறது. ஆனால் சர்வதேச விவகாரம் மத்திய அரசிடம், பயிற்சி முகாமுக்கான பணமும் அதனிடம். அந்தப் பிடியை வைத்துத்தான் 2011-ல் தேசிய விளையாட்டு மேம்பாட்டு விதித்தொகுப்பு வந்தது. ஸ்போர்ட்ஸ் கோட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தலைவருக்கு அதிகபட்சம் 12 ஆண்டு, நிர்வாகிகளுக்கு வயது வரம்பு 70, முறையான தேர்தல் என்று அது நிபந்தனை போட்டது. பின்பற்றாவிட்டால் அங்கீகாரமும் நிதியும் போகும். பல வருடம் இது காகிதத்தில்தான் இருந்தது என்பது வேறு கதை.

சம்மேளனம் உண்மையில் என்னதான் செய்கிறது?

தேசியப் போட்டிகளை நடத்துவது, விதிகளை அமல்படுத்துவது, நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் தேர்வு வைப்பது, இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பது, வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவது. வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி, போட்டி அட்டவணையைத் தயாரித்து அமைச்சகத்திடம் கொடுத்துப் பணம் வாங்குவதும் அதன் வேலை. அந்த அட்டவணை தாமதமானால் முகாமும் தாமதமாகும், வெளிநாட்டுப் பயணமும் நின்றுபோகும். வீரர்கள் புலம்பும் பல விஷயங்களுக்குக் காரணம் இந்த ஒரு கோப்பாகத்தான் இருக்கும்.

ஊக்கமருந்துச் சோதனை மட்டும் இதன் கையில் இல்லை. அது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் வேலை. ரொம்ப நாள் முரண்டு பிடித்த பிசிசிஐயும் 2019-ல் அதற்குள் வந்துவிட்டது.

திட்டுவதற்கு மட்டும்தானா, நல்லது எதுவும் செய்வதில்லையா?

செய்கிறார்கள். நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது, சதுரங்கம். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன் ஆடியதோடு நிற்கவில்லை. சங்க நிர்வாகத்திலும் இருந்தார். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் நடந்த தால் சதுரங்கக் கழகத்தில் ஆடி வளர்ந்தவர்தான் 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த். தமிழ்நாட்டில் போட்டிகள் அடுத்தடுத்து நடந்துகொண்டே இருப்பதால், வெளிமாநிலம் போகாமலே ரேட்டிங் ஏற்றிக்கொள்ள முடிகிறது. இத்தனை கிராண்ட்மாஸ்டர்கள் இங்கிருந்து வருவதற்குத் திறமை பாதிக் காரணம் என்றால், இந்தப் போட்டி வலை மீதிப் பாதி.

தடகள சம்மேளனம் நடத்தும் மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டியும் அப்படித்தான். மாநில அணிக்காகக் காத்திராமல், மாவட்டத்திலிருந்து நேராகத் தேசியப் போட்டிக்குப் பிள்ளைகள் போகிறார்கள். குக்கிராமத்துப் பிள்ளை முதல்முறையாக சிந்தெடிக் டிராக்கில் கால் வைப்பது பல நேரம் அங்கேதான்.

சம்மேளனத் தேர்தலில் யார் ஓட்டுப் போடுகிறார்கள்? வீரர்களுக்கு ஓட்டு உண்டா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. வீரர்களுக்கு நேரடி ஓட்டு அநேகமாகக் கிடையாது. கிளப்புகள் மாவட்ட சங்கத்தைத் தேர்ந்தெடுக்கின்றன, மாவட்ட சங்கங்கள் மாநில சங்கத்தை, மாநில சங்கங்கள் சம்மேளனத்தை. ஆக, உச்சியில் இருப்பவர் திருப்திப்படுத்த வேண்டியது முப்பது சொச்சம் மாநிலப் பிரதிநிதிகளைத்தான். ஆயிரக்கணக்கான வீரர்களை அல்ல.

2022-ல் கால்பந்தில் இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. பிரபுல் படேல் தலைமையிலான நிர்வாகம் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் நீடித்ததால், அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி, நிர்வாகக் குழு ஒன்றை அமைத்தது. ஆகஸ்ட்டில் வாக்காளர் பட்டியல் தயாரானபோது, 36 மாநில சங்கங்களுக்குச் சமமாக 36 முன்னாள் வீரர் வீராங்கனைகளுக்கும் ஓட்டு என்று முடிவானது. பாதிக்குப் பாதி! ஃபிபா இதை ஏற்கவில்லை. சம்மேளனத்தைச் சஸ்பெண்ட் செய்தது. கடைசியில் நீதிமன்றம் நிர்வாகக் குழுவைக் கலைத்து, வீரர்களின் ஓட்டையும் எடுத்துவிட்டது. செப்டம்பர் 2-ம் தேதி தலைவர் தேர்தலில் நின்ற முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டு. எதிர்த்து நின்ற கல்யாண் சௌபேக்கு 33. அவரும் முன்னாள் கோல்கீப்பர்தான், ஆனால் மாநில சங்கங்கள் அவர் பக்கம் இருந்தன. வீரர்களின் ஓட்டு இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. போட்டியாவது போட்டி மாதிரி இருந்திருக்கும்.

உலக அமைப்பு ஒரு சம்மேளனத்தைச் சஸ்பெண்ட் செய்தால் வீரர்களுக்கு என்ன ஆகும்?

அந்த 2022 ஆகஸ்ட்டையே பாருங்கள். கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போயிருந்தது. தாஷ்கண்டில் போய் இறங்கிய பிறகுதான் தடைச் செய்தியே அவர்களுக்குத் தெரிந்தது. ஹோட்டலில் காத்துக்கிடந்து, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். தேர்தல் தகராறுக்கும் அந்தப் பெண்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்டோபரில் இந்தியாவில் நடக்க வேண்டிய 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையும் கைநழுவும் நிலையில் இருந்தது. ஆகஸ்ட் 26-ல் தடை நீங்கியதால் தப்பியது.

இதற்கு முன்னால் இந்திய ஒலிம்பிக் சங்கமே 2012 டிசம்பரிலிருந்து 2014 பிப்ரவரி வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியால் சஸ்பெண்ட் ஆகியிருந்தது. சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிவ கேசவன் உள்ளிட்ட நம் வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் நடந்தார்கள். போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே தடை நீங்கியதால், நிறைவு விழாவில் மூவர்ணக் கொடி வந்தது.

சில சமயம் தடையிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கும். 2023-ல் மல்யுத்த சம்மேளனம் தடையில் இருந்தபோது, பெல்கிரேட் உலக சாம்பியன்ஷிப்பில் அந்திம் பங்கால் நடுநிலைக் கொடியின் கீழ் வெண்கலம் வென்று பாரிஸ் ஒலிம்பிக் இடத்தையும் வாங்கினார். எல்லா உலக அமைப்பும் இந்தச் சலுகையைக் கொடுக்காது.

கோர்ட் தலையிட்டால் அது எப்படி 'வெளியார் தலையீடு' ஆகும்? கோர்ட் நம் நாட்டுச் சட்டம்தானே?

நியாயமான கோபம். உலக அமைப்புகளின் பார்வையில் அரசும் கோர்ட்டும் ஒன்றுதான். இரண்டுமே மூன்றாம் தரப்பு. சர்வாதிகாரிகள் தேசிய அணிகளை ஆட்டிவைத்த நாடுகளை நினைத்தால் அந்த விதி அவசியமானதாகவே தெரியும். ஆனால் நம் ஊரில் அது பெரும்பாலும் பதவியை விட மனமில்லாதவர்களுக்குக் கேடயமாகத்தான் பயன்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. 'கை வைத்தால் இந்தியாவுக்குத் தடை வரும்' என்ற ஒரே வரி போதும், எந்தக் கேள்வியையும் அடக்கிவிடலாம்.

ஒரே ஆள் எத்தனை வருடம் பதவியில் இருக்கலாம்?

விதித்தொகுப்புப்படி வரம்பு உண்டு என்று மேலே சொன்னேன். நடந்தது என்ன என்றால், கபடியைப் பாருங்கள். ஜனார்தன் சிங் கெலாட் 1984-லிருந்து 2013 வரை தலைவர். அப்புறம் அவருக்கு ஆயுள் தலைவர் பதவி, அவர் மனைவிக்குத் தலைவர் பதவி. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் விலக்கி நிர்வாகி ஒருவரை நியமித்தது. கபடி நம் மண்ணின் ஆட்டம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அதன் நிர்வாகம் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தது பல ரசிகர்களுக்குத் தெரியாது.

மல்யுத்த வீராங்கனைகள் ஏன் தெருவில் உட்கார வேண்டிவந்தது? சம்மேளனத்திலேயே புகார் கொடுக்க வழியில்லையா?

புகார் யார்மீதோ அவரே சம்மேளனத்தின் தலைவர். 2023 ஜனவரியில் வினேஷ் போகத், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். 2012 முதல் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார். அவர் அதை மறுத்தார். மேற்பார்வைக் குழு ஒன்று போடப்பட்டு மாதங்கள் ஓடின. ஏப்ரலில் மறுபடி போராட்டம் தொடங்கி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்தது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அதன்படி உள்விசாரணைக் குழு கட்டாயம். பாதிக்கு மேற்பட்ட சம்மேளனங்களில் அது முறையாக இல்லை என்று செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதும் இந்த நேரத்தில்தான். பெண் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், சங்கத்தில் இந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதால் வாய்ப்புப் போய்விடும் என்று பயமாக இருந்தால், அந்தச் சங்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

அணித் தேர்வு அநியாயமாக நடந்தால் வழக்குப் போடலாமா?

போடலாம். ஜெயிப்பது கஷ்டம். 2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்கு நர்சிங் யாதவுடன் தகுதிப்போட்டி வைக்கச் சொல்லி மல்யுத்த வீரர் சுஷில் குமார் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்றவர் அவர். யாரை அனுப்புவது என்பது நிபுணர்கள் முடிவு செய்வது என்று மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது நீதிமன்றம்.

ஆனால் விதியே நியாயமற்றதாக இருந்தால் கதை வேறு. தேசிய முகாமுக்கு வந்தால்தான் அணியில் இடம் என்ற டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் விதியை மணிகா பத்ரா 2021-ல் எதிர்த்தபோது, அதே டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. அடுத்த பிப்ரவரியில் சம்மேளனத்தையே நிர்வாகக் குழுவிடம் ஒப்படைத்தது. ஆகவே 'என் பிள்ளைதான் சிறந்தவன்' என்று போகாதீர்கள். 'அறிவித்த முறைப்படி தேர்வு நடக்கவில்லை' என்று காட்ட முடிந்தால் போங்கள்.

வேறு அமைப்பு நடத்தும் லீகில் ஆடினால் தடை போடுவார்களா?

போட்டிருக்கிறார்கள். 2007-ல் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீகில் ஆடியவர்களை பிசிசிஐ ஒதுக்கிவைத்தது. அம்பதி ராயுடு போன்றவர்கள் 2009 பொதுமன்னிப்புக்குப் பிறகே திரும்பி வர முடிந்தது. தன் அனுமதியில்லாத போட்டியில் ஆடிய வீரர்களின் ரேட்டிங்கையே நீக்கியது சதுரங்க சம்மேளனம். அது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2018-ல் இந்தியப் போட்டி ஆணையம் (விளையாட்டுப் போட்டி அல்ல, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) தீர்ப்பளித்து அபராதமும் விதித்தது. ஆனால் ஹாக்கியில் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்டோர் கொண்டுபோன இதே மாதிரிப் புகாரில், ஹாக்கி இந்தியா சட்டத்தை மீறவில்லை என்று 2013-ல் அதே ஆணையம் சொல்லியிருந்தது. எனவே கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சம்மேளன அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உலக அமைப்போடு வீரருக்குப் பிரச்சினை வந்தால் சம்மேளனம் துணைக்கு நிற்குமா?

நிற்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. செங்கல் சூளைக் கூலிக் குடும்பத்துப் பெண். அவருக்காக உலக அரங்கில் வாதாட ஆளில்லை. எட்டு வருடம் கழித்து ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்துக்கு இதே மாதிரித் தடை வந்தபோது, இந்திய விளையாட்டு ஆணையம் செலவை ஏற்று, விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போக உதவியது. 2015-ல் தடைக்குக் காரணமான விதியே நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் உலகத் தடகள அமைப்போடு நம் தடகள சம்மேளனத்தின் பெயரும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். துணைக்கு வந்தது அரசின் ஆணையம், சம்மேளனம் அல்ல. சாந்தி வழக்கில் அப்படி ஒருவரும் முன்வரவில்லை.

பிசிசிஐ அரசிடம் காசு வாங்குவதில்லையே, அதை யார் கேட்பது?

அது அரசின் அங்கம் அல்ல என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது. ஆனால் பொதுக் கடமை செய்வதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. சூதாட்ட விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு சீசன் வெளியே உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். வாரிய நிர்வாகிகள் ஐபிஎல் அணியில் பங்கு வைத்திருக்க வழிவிட்ட விதியை 2015 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது அதே வழக்கில்தான். அப்போது வாரியத் தலைவராக இருந்தவரின் நிறுவனமே சென்னை அணியின் உரிமையாளர். பின்னர் நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைகள் வந்தன. அமைச்சர்களுக்கு இடமில்லை, 70 வயதுக்கு மேல் இல்லை, தொடர்ந்து பதவி இல்லை. 2022-ல் நீதிமன்றமே சிலவற்றைத் தளர்த்தியது.

2025-ல் வந்த புதுச் சட்டம் என்ன மாற்றுகிறது?

தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அங்கீகாரம் கொடுக்கவும் பறிக்கவும் தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளுக்குத் தீர்ப்பாயம், தேர்தலுக்குத் தனிக் குழு. நிர்வாகக் குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் குறைந்தது 4 பெண்கள், 2 சிறந்த வீரர்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருப்பதால் பிசிசிஐயும் இதற்குள் வருகிறது. ஆனால் தகவல் உரிமைச் சட்டம் அரசு நிதி வாங்கும் அமைப்புக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்; அங்கே பிசிசிஐ தப்பித்தது. உலக அமைப்பின் விதி அனுமதித்தால் 70-லிருந்து 75 வயதுக்காரர்களும் போட்டியிடலாம் என்பது இன்னொரு தளர்வு. 15-ல் 2 வீரர்கள் என்பது ஒன்றுமே இல்லாததற்குப் பரவாயில்லை. மேலே சொன்ன ஓட்டுக் கணக்கை அது அசைக்காது.

ஒரே ஆட்டத்துக்கு இரண்டு சங்கம் இருக்கிறது. எதில் சேர்வது? சர்ட்டிபிகேட் செல்லுமா?

பெயர்ப் பலகையை நம்பாதீர்கள். 'இந்திய', 'தேசிய', 'அகில' என்ற சொற்களை யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஹாக்கியிலேயே பழைய சம்மேளனமும் ஹாக்கி இந்தியாவும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டின. அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தச் சம்மேளனம் இருக்கிறதா, உங்கள் மாநில சங்கம் அதோடு இணைந்ததா, மாவட்ட சங்கம் மாநிலத்தோடு இணைந்ததா என்று மூன்று படியும் பாருங்கள். ஒரு படி விட்டுப்போனாலும் கோப்பை அலமாரியில் இருக்கும், சர்ட்டிபிகேட் கவுன்சிலிங்கில் செல்லாது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 2 என்ற படிவத்தில் மாநில சங்கச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். போட்டி முடிந்த சூட்டோடு வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், இல்லையென்றால் சங்கமே தடையில் இருக்கும்.

மாவட்ட அளவில் ஒரு பெற்றோரால் என்ன செய்ய முடியும்?

தேர்வு எப்போது நடக்கிறது என்பதை வாட்ஸ்அப் வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். உங்கள் கிளப்புக்கு மாவட்ட சங்கத்தில் ஓட்டு இருக்கிறதா, கடைசிப் பொதுக்குழு எப்போது கூடியது, கிளப் சார்பில் யார் போனார்கள் என்று விசாரியுங்கள். பல ஊரில் பயிற்சியாளருக்கே இது தெரியாது. யாரோ பத்து வருடமாக அந்த ஓட்டைப் போட்டுக்கொண்டிருப்பார். சங்கம் பதிவைப் புதுப்பித்து, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறதா என்பதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

புகார் என்றால் முதலில் மாநில சங்கத்துக்கு எழுதுங்கள். நகலை மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால், முதலில் சங்கத்திடம் முறையிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். பாலியல் தொல்லைப் புகாருக்கு இந்த வரிசை எதுவும் வேண்டாம். நேராகப் போலீஸுக்குப் போங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் 1098.